அப்பப்பாவின் பி.எஸ்.ஏ.க்கு வேறு காபரேட்டர் பூட்டிய அனுபவம்

எங்கள் வீட்டு பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் அக்சிலேட்டரைத் திறக்காமல் ஸ்லோவில் நிற்கும்போது, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற காபரேட்டருக்குள் இருந்து ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம் வரும். சின்னச் சத்தம்தான். எஞ்சின் தடதடப்புக்கு நடுவில் காதைக் கிட்டக் கொண்டுபோனால் மட்டும் கேட்கும். பல வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பழைய மோட்டார் சைக்கிள், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அது, காபரேட்டரில் ஏறி இறங்கிக் காற்று வழியைத் திறந்து மூடுகிற ஸ்லைட் தேய்ந்து, தன் கூட்டுக்குள் முன்னும் பின்னும் அடிபடுகிற சத்தம் என்று 2023 இல்தான் தெரிந்தது.

வண்டி 1951 ஆம் ஆண்டு பி31 என்ற மொடல். 348 சிசி, ஒற்றைச் சிலிண்டர். அப்பப்பா திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் பிற்றர் வேலை பார்த்தவர். 1957 இல் ஆங்கிலேயர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது, ஊருக்குப் போகிற ஒருவரிடம் இதை வாங்கினார். அவருக்குப் பிறகு அப்பா, அப்பாவுக்குப் பிறகு நான். இடம்பெயர்ந்து போய் வந்த காலங்களில் மாட்டுக் கொட்டிலில் வைக்கோலுக்குள் கிடந்தது. திரும்பி வந்து பார்த்தபோதும் கிடந்தது. அதனால் எங்கள் வீட்டில் அதை யாரும் ‘பழைய சாமான்’ என்று சொல்வதில்லை.

2022 இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றதே, அப்போது இதை நிறுத்தி வைத்தேன். சீனன்குடாவில் ஆங்கிலேயர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் இருக்கிற ஊரில், கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெற்றோல் பங்கிடுகிற முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர். அந்த நான்கும் வேலைக்குப் போகிற வண்டிக்கே பத்தாது. அவசரத்தில் ஒரு வேலையை மறந்துபோனேன்: காபரேட்டரில் இருந்த பெற்றோலை வடிக்கவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து, பெற்றோல் தேங்கி நிற்கிற புளோட் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் தேன்பாகு மாதிரி மஞ்சள் பசை. பழைய வார்னிஷ் வாசம். பெற்றோலை அளந்து விடுகிற சின்னத் துளையுள்ள பித்தளை ஜெட் பச்சை பிடித்திருந்தது. வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் பெற்றோல் தப்பை (குழாயை) மூடிக் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

கழுவிப் பூட்டினேன். ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஸ்லோவில் நிற்கவில்லை. ஒரு தடவை தானாக ஏறும், ஒரு தடவை அணையும். அக்சிலேட்டரைத் திறக்கிற முதல் கணத்தில் காபரேட்டர் தும்மும். பாலையூற்றில் இருக்கிற எங்கள் மெக்கானிக் அண்ணனிடம், புதுக் காபரேட்டர் வாங்கப் போகிறேன் என்று சொன்னேன்.

“வாங்கு, வேண்டாம் எண்டு சொல்லேல்ல. ஆனா காபரேட்டரில கை வைக்க முதல் கரண்டைப் பார் தம்பி. கரண்ட் பிழையெண்டா நீ விடிய விடியத் திருகினாலும் சரி வராது” என்றார்.

இந்தச் சொல்லுக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற மக்னெட்டோ பலவீனமாக இருந்தால் வருகிற குணங்குறியும் காபரேட்டர் பிழைத்தால் வருகிற குணங்குறியும் பெரும்பாலும் ஒன்றுதான். மக்னெட்டோவின் பொயின்ட் இடைவெளி 12 தௌ (தௌ என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.30 மில்லிமீற்றர். பிளக் இடைவெளி 20 தௌ. இரண்டு வால்வுக்கும் குளிர்ந்த நிலையில் 3 தௌ. மூன்றையும் பீலர் கேஜ் வைத்துச் சரிசெய்தேன். எக்ஸோஸ்ட் வால்வு இறுகித்தான் இருந்தது, அதை விட்டதும் உதைக்கும்போது கம்பிரசன் நன்றாகத் தெரிந்தது. வண்டி கொஞ்சம் திருந்தியது. ஆனால் தும்மல் போகவில்லை.

அடுத்தது காற்றுக் கசிவு. எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது காபரேட்டர் எஞ்சின் தலையோடு (சிலிண்டர் ஹெட்) சேருகிற இடத்தில் டபிள்யூ.டி-40 கொஞ்சம் தெளித்தால், கசிவு இருந்தால் எஞ்சின் ஓட்டம் உடனே மாறும். மாறியது. சிலர் இதற்குப் பெற்றோலைத் தெளிப்பார்கள். சூடான எஞ்சினும் கரண்ட் பாய்கிற பிளக்கும் பக்கத்திலேயே இருக்கும்போது அதைச் செய்யவே வேண்டாம். கழற்றிப் பார்த்தால் காபரேட்டரின் முகத்தட்டு வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. இரண்டு நட்டையும் யாரோ காலம் காலமாக இறுக்கி இறுக்கி வளைத்திருக்கிறார்கள். கண்ணாடித் துண்டில் எமரித் தாளை விரித்து, எட்டு வடிவில் உரசி மட்டமாக்கினேன். புதுப் பெக்கிங் போட்டேன். இன்னும் கொஞ்சம் திருந்தியது.

அதன் பிறகுதான் ஸ்லைட்டை வெளியே எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். அமால் 276. அமால் என்பது 1927 அளவில் பர்மிங்ஹாமில் மூன்று காபரேட்டர் கம்பனிகள் ஒன்றாகச் சேர்ந்து உருவான பெயர். இந்த வகையில் புளோட் கிண்ணம் தனியாகப் பக்கத்தில் நிற்கும், கீழே ஒரு பெரிய நட்டால் கலவை அறையோடு சேரும். உடல் நாகக் கலப்பு உலோகம். எங்கள் வீடு கடலில் இருந்து கூப்பிடு தூரம். உப்புக்காற்று பட்டுப் பட்டு உடலின் மடிப்புகளில் வெள்ளைத் தூள் பூத்திருந்தது. விரலால் தொட்டால் திருநீறு மாதிரி ஒட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் ஸ்லைட்டை விட்டுப் பீலர் கேஜால் அளந்தேன். கால் மில்லிமீற்றர் ஆட்டம். அந்த இடைவெளியால் கணக்கில் இல்லாத காற்று உள்ளே போகிறது. ஸ்லோவில் ஸ்லைட் கிட்டத்தட்ட மூடியிருக்கும்போது அந்தக் களவுக் காற்றுத்தான் ஆட்சி செய்யும். ஸ்லோக் கலவையைச் சரிசெய்கிற பைலட் ஸ்குறூவை எவ்வளவு திருகினாலும் பிடிபடாததற்குக் காரணம் அது. எழுபது வருடம் ஓடினால் எந்த உலோகமும் தேயும்.

இனி என்ன பூட்டுவது? இந்த இடத்தில்தான் முதலில் பிழை விட்டேன்.

நண்பர் ஒருவர், “30 மில்லிமீற்றர் போடு மச்சான், ஓட்டம் வேற மாதிரி இருக்கும்” என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காபரேட்டர் பெற்றோலை எஞ்சினுக்குள் ஊற்றுகிற பாத்திரம் இல்லை. காற்று வேகமாகப் போகும்போது அந்த இழுப்பில் பெற்றோல் தானாக ஏறி வருகிறது. அம்மம்மா அடுப்பு ஊதுகிற குழலை நினைத்துப் பாருங்கள். ஒடுங்கிய குழலால் ஊதினால் தணல் பிடிக்கும். அதே மூச்சை வாயை அகலத் திறந்து ஊதினால் சாம்பல்தான் பறக்கும். மெதுவாகச் சுழல்கிற 348 சிசி எஞ்சினுக்கு வாய் பெருத்த காபரேட்டர் போட்டால் காற்றின் வேகம் விழுந்துவிடும். சந்தியில் நின்று எடுக்கும்போது இருமும், மேட்டில் மூச்சு முட்டும். பி31க்குக் கம்பனி கொடுத்தது ஓர் அங்குல வாய், 25.4 மில்லிமீற்றர். அதை ஒட்டிய அளவு, அல்லது அதைவிட ஒரு நூல் குறைவு. இதுதான் பொருந்தும். ஊருக்குள் ஓட்டுகிறவருக்குச் சிறியது நல்லது.

அதனால் 26 மில்லிமீற்றரில் ஒன்று வாங்கினேன். இணையத்தில், பெயரில்லாத கம்பனி. மலிவு. படத்தில் பார்க்க ஜப்பானிய மிக்குனி காபரேட்டர் மாதிரியே இருந்தது. பார்சலைப் பிரித்ததும் முதல் சிக்கல்: போல்ட் துளைகளுக்கு இடையே 48 மில்லிமீற்றர். எங்கள் தலையில் ஸ்டட் இரண்டும் இரண்டு அங்குலம், கிட்டத்தட்ட 51. வட்ட அரத்தால் துளையை நீட்டிப் பூட்டினேன். ஓடியது. ஆனால் ஒரு நாள் ஓடியது போல அடுத்த நாள் ஓடாது. மெயின் ஜெட்டில் 105 என்று பொறித்திருந்தது. இன்னொரு 105 வாங்கிப் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு துளையும் ஒரே அளவில்லை என்று வெறும் கண்ணுக்கே தெரிந்தது. ஸ்லைட்டின் அடி விளிம்பில் உள்ள வெட்டு என்ன எண், ஸ்லைட்டோடு ஏறி இறங்குகிற ஊசி என்ன வகை, ஒன்றுக்கும் விடை இல்லை. ஆறு கிழமை அதோடு மல்லுக்கட்டினேன். எண்ணை நம்ப முடியாத ஜெட்டை வைத்து ரியூன் செய்வது, கல் தெரியாத தராசில் நிறுப்பது மாதிரி. கழற்றி வைத்தேன்.

ஜெட் எண்ணைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில் பலரும் ஏமாறுகிறார்கள். அமாலின் எண், ஒரு நிமிடத்தில் எத்தனை கன சென்ரிமீற்றர் பாயும் என்ற கணக்கு. கெய்ஹின் என்ற ஜப்பானியக் கம்பனியின் எண், துளையின் விட்டத்தை மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கில் சொல்வது. மிக்குனியிலேயே அறுகோணத் தலை ஜெட்டும் வட்டத் தலை ஜெட்டும் ஒரே எண்ணுக்கு ஒரே அளவு இல்லை. ‘பழையதில் 150 இருந்தது, அதனால் புதியதிலும் 150’ என்று போட்டுவிடக் கூடாது.

அதன் பிறகு பேப்பரும் பேனையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அமால் வகைகள் இங்கிலாந்தில் இன்னும் புதிதாகச் செய்கிறார்கள். பி31க்குப் பிற்காலத்தில் கம்பனியே கொடுத்த மொனோபுளொக் வகை, அதற்கும் பிறகு வந்த கன்சென்ட்ரிக், இரண்டுமே நேராகப் பொருந்தும். பார்வைக்கும் வண்டியோடு இசையும். கையில் காசும் காத்திருக்கப் பொறுமையும் உள்ளவருக்கு அதுதான் முதல் தெரிவு. எனக்கோ ஒரு ஜெட் பிழைத்தால் அடுத்ததற்கு இரண்டு மாதம் காத்திருக்க முடியாது.

அப்போதுதான் புல்லட் நினைவுக்கு வந்தது. சென்னையில் செய்த ரோயல் என்பீல்ட் புல்லட் 350 எஞ்சின் 346 சிசி, 70க்கு 90 (சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் ஓடுகிற தூரமும், மில்லிமீற்றரில்). எங்கள் பி31 எஞ்சின் 71க்கு 88. இரண்டும் மேல்வால்வு ஒற்றைச் சிலிண்டர், இரண்டும் மெதுவாகச் சுழல்கிறவை, கம்பிரசனும் கிட்டத்தட்ட ஒன்று. மூச்சு விடுவதில் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. அந்தப் புல்லட்டுக்கு மிக்குனி முறையில் செய்த மிக்கார்ப் விஎம்24 என்ற 24 மில்லிமீற்றர் காபரேட்டர் பூட்டித் தமிழ்நாடு முழுக்க ஓடியிருக்கிறது. ஊசி, ஜெட், ஸ்லைட், பெக்கிங் எல்லாம் அங்கே பெட்டிக்கடை தூரத்தில் கிடைக்கும். திருச்சியில் இருக்கிற மச்சானிடம் சொன்னேன். காபரேட்டரும், மெயின் ஜெட் ஐந்து அளவும், பைலட் ஜெட் மூன்று அளவும் ஒரு சின்னப் பையில் அனுப்பிவைத்தார். புதுக் காபரேட்டர் வாங்குகிற யாருக்கும் நான் சொல்வது இதுதான்: காபரேட்டரோடு சேர்த்து மேலே இரண்டு, கீழே இரண்டு அளவில் ஜெட்டும் வாங்கிவிடுங்கள். ஜெட் கிடைக்காத காபரேட்டர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் வாங்கி வைத்துப் பயனில்லை.

தலையோடு அது நேராகச் சேராது. இணைப்புத் தகடு ஒன்று கடைய வேண்டும். கிண்ணியாவில் ஒரு நானா (முஸ்லிம் அண்ணன்) லேத், அதாவது கடைசல் இயந்திரம், வைத்திருக்கிறார். 2009 இல் பாலம் திறந்த பிறகு கிண்ணியா எங்களுக்கு அடுத்த தெரு மாதிரி. முன்பானால் வண்டியைப் பாதையில், அதாவது மிதவைப் படகில், ஏற்றித்தான் கடக்க வேண்டும், அரை நாள் போய்விடும். நானா காபரேட்டரைக் கையில் வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தார், உள்ளே விரலை விட்டுத் தடவினார்.

“இந்தப் பக்கம் 24, அந்தப் பக்கம் இருபத்தஞ்சரை. இடையில படி வரக்குடாது தம்பி. சாய்ச்சுக் கடைஞ்சு தாறன்” என்றார்.

அந்தப் படி விடயம் எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு துவாரமும் சேருகிற இடத்தில் விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தால், காற்று அங்கே சுழித்துப் பெற்றோல் துளியாகச் சேரும். நானா அலுமினியத் தகட்டின் உள்வாயைப் புனல் போல மெல்லச் சரித்துக் கடைந்து தந்தார். தகட்டுக்கும் தலைக்கும் நடுவில் எட்டு மில்லிமீற்றர் தடிப்பில் பேக்லைட் துண்டு ஒன்றும் வெட்டித் தந்தார். திருகோணமலையில் கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வண்டியை நிறுத்திக் கடையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்தால், தலையின் சூடு ஏறிக் கிண்ணத்துப் பெற்றோல் கொதித்து வழிந்திருக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. பேக்லைட் அந்தச் சூட்டைத் தடுக்கும். எனக்கு அந்தத் தொந்தரவு அதோடு தீர்ந்தது.

பூட்டும்போது கவனித்த சில விடயங்கள். பழைய அமால் கேபிளின் முனை இதற்குப் பொருந்தாது, புது வயர் வாங்கி முனையை ஈயம் வைத்து ஒட்டினேன். ஒட்டிய பிறகு ஹாண்டிலை இடப்பக்கம் முழுக்க, வலப்பக்கம் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கேபிள் இழுபட்டு ஸ்லைட் தூக்கினால் வளைவில் வண்டி தானாகப் பாயும், ஆள் போய்விடும். அக்சிலேட்டரை விட்டால் ஸ்லைட் ‘டப்’ என்று விழ வேண்டும். இதை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய முன்பு பார்க்க வேண்டும். அடுத்தது காற்று வடி (எயர் பில்டர்). அப்பப்பா காலத்தில் அது இல்லாமலே ஓடியது. கச்சான் காற்றில் பறக்கிற மணலை நினைத்து நான் ஒன்று பூட்டினேன். பூட்டுவதானால் ரியூன் செய்ய முன்பே பூட்டுங்கள். பிறகு பூட்டினால் கலவை மாறும், செய்த வேலை எல்லாம் முதலில் இருந்து. கடைசியாகப் பெற்றோல் மட்டம். கிண்ணத்தின் வடிகால் வாயில் கண்ணாடி போன்ற குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி மேலே வளைத்துப் பிடித்தால் உள்ளே இருக்கிற மட்டம் வெளியே தெரியும். கிண்ணம் சேருகிற விளிம்புக்குச் சற்றுக் கீழே நின்றது. அது போதும்.

சரி, இனி உதைக்க வேண்டியதுதான்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலை. அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் பழைய பழக்கத்தில் எல்லாம் செய்தேன். இக்னிசன் நெம்பைப் பாதி பின்னுக்கு இழுத்து, வால்வு லிப்டரை அமத்திப் பிஸ்டனை உச்சி தாண்டக் கொண்டுவந்து, அக்சிலேட்டரைக் கொஞ்சம் திறந்து உதைத்தேன். ஒன்றுமில்லை. புதுக் காபரேட்டரின் சோக் நெம்பைத் தூக்கிவிட்டு மறுபடி உதைத்தேன். பத்து, பன்னிரண்டு உதை. சேர்ட் நனைந்து முதுகோடு ஒட்டியது. பிளக்கைக் கழற்றினால் காய்ந்துபோய் இருந்தது. பெற்றோலே வரவில்லை.

உட்கார்ந்து யோசித்தபோதுதான் பிடிபட்டது. அமாலில் டிக்லர் பொத்தானை அமத்திக் கிண்ணத்தை வழியவிட்டு, அக்சிலேட்டரைக் கொஞ்சம் திறந்து உதைக்க வேண்டும். இதில் இருப்பது அந்த முறை இல்லை. சோக் நெம்பைத் தூக்கினால் தனி வழி ஒன்று திறந்து, அதனால் பெற்றோலும் காற்றும் உள்ளே வரும். அந்த வழி இழுக்க வேண்டுமானால் ஸ்லைட் மூடியிருக்க வேண்டும். அக்சிலேட்டரைத் திறந்தால் இழுப்பு ஸ்லைட்டுக்கு அடியால் போய்விடும். கையை அக்சிலேட்டரில் இருந்து எடுத்துவிட்டு உதைத்தேன். இரண்டாவது உதையில் பிடித்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை, எழுந்து வந்து டாங்கில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

இனி ரியூனிங். எஞ்சினை நன்றாகச் சூடாக்கிய பிறகுதான் எதையும் தொட வேண்டும். நான் அமால் கம்பனி சொல்லிவைத்த வரிசையையே பின்பற்றினேன்: முதலில் மெயின் ஜெட், பிறகு பைலட், பிறகு ஸ்லைட்டின் வெட்டு, பிறகு ஊசி, கடைசியில் மறுபடியும் பைலட். ஸ்லைட் வகைக் காபரேட்டர் எதற்கும் இது பொருந்தும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதைக் கொப்பியில் எழுத வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாது.

அக்சிலேட்டர் பிடியில் வெள்ளை டேப் ஒட்டி கால், அரை, முக்கால், முழு என்று பேனையால் கோடு போட்டேன். இந்தச் சின்ன வேலை பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும். எட்டில் ஒரு பங்கு வரை பைலட் பேசும். அதிலிருந்து கால் வரை ஸ்லைட்டின் வெட்டு. காலில் இருந்து முக்கால் வரை ஊசி. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். வண்டி எந்த வேகத்தில் இடக்குப் பண்ணுகிறது என்பது இங்கே முக்கியம் இல்லை, அக்சிலேட்டர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

மெயின் ஜெட்டுக்கு நிலாவெளி வீதி. ஆறாம் கட்டைக்கு அப்பால் விடியற்காலை ஐந்தரைக்கு ஆள் நடமாட்டம் குறைவு. அந்த நேரத்திலும் வெளிச்சம் வரும்வரை காத்திருந்தேன், மாடு படுத்திருக்கும். முழுதாகத் திறந்து ஓடிக்கொண்டே பிடியை ஒரு மயிரிழை மூடினேன். மூடியதும் வண்டிக்கு இழுவை கூடியது. அப்படியென்றால் மெயின் ஜெட் சிறிது, பெற்றோல் பத்தவில்லை. முழுதாகத் திறந்தபோது வண்டி பாரமாக, தடித்த சத்தத்தோடு ஓடினால் ஜெட் பெரிது. கூட வந்த ஜெட்டை எடுத்துவிட்டு 100 போட்டேன், இன்னும் அதே கதை. 110 இல் நேராக இழுத்தது. 120 போட்டுப் பார்த்தேன், பாரமானது. திரும்ப 110.

பிளக்கையும் பார்க்க வேண்டும். முழு அக்சிலேட்டரில் கொஞ்சத் தூரம் ஓடி, கிளட்சைப் பிடித்துக்கொண்டே எஞ்சினையும் நிறுத்தி, உருண்டு வந்து ஓரங்கட்டிக் கழற்ற வேண்டும். ஸ்லோவில் வீடு வரை ஓட்டி வந்து கழற்றினால் ஸ்லோவின் நிறம்தான் தெரியும். பழைய புத்தகங்கள் சொல்கிற பிஸ்கட் நிறம் ஈயம் கலந்த பெற்றோல் காலத்துக் கணக்கு. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002 இல் நின்றுவிட்டது. இப்போதைய பெற்றோலில் வெள்ளைப் பீங்கான் அதிகம் நிறம் மாறாது. அதன் அடியில், உலோகத்தோடு சேருகிற இடத்தில் மெல்லிய புகை வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வளையமே இல்லாமல் வெளுத்திருந்தால் பெற்றோல் குறைவு. அப்படியே முழு அக்சிலேட்டரில் ஓடினால் பிஸ்டன் உருகும். சந்தேகம் வந்தால் எப்போதும் ஒரு அளவு பெரிய ஜெட் போட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

பைலட் ஸ்குறூவில் பலரும் தலைகீழாகத் திருகுவதைப் பார்த்திருக்கிறேன். ஸ்குறூ காற்று வடியின் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே திருகினால் காற்றுக் கூடும், பெற்றோல் குறையும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெற்றோலைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே திருகினால் பெற்றோல் கூடும். அமாலிலும் விஎம்மிலும் காற்று ஸ்குறூ. மெல்ல உள்ளே முட்டும்வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்கினேன். கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருகி, எஞ்சின் ஆகக் கூடுதலாகச் சீராக ஓடுகிற இடத்தைப் பிடித்து, பிறகு ஸ்லோ ஸ்குறூவால் ஓட்டத்தை இறக்கினேன். ஒன்றே முக்கால் சுற்றில் நின்றது. அரைச் சுற்றுக்குள் நல்ல இடம் வந்தால் பைலட் ஜெட் சிறிது. மூன்று சுற்றுத் தாண்டினால் பெரிது.

இதைச் சோதிக்க நல்ல இடம் பிரட்ரிக் கோட்டை. கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற பாதையில் மான்கள் நடுவீதியில் நிற்கும். நாம் விலக வேண்டும், அவை விலகாது. நடை வேகத்தில், கிளட்சை விட்டுப் பிடித்து, நின்று, எடுத்து ஏற வேண்டும். முதல் தடவை ஒரு குட்டி மான் முன்னால் நிற்க, நான் நிறுத்தி மறுபடி எடுத்தபோது காபரேட்டர் ஒரு தும்மல் தும்மியது. குட்டி வெருண்டு வேலிப் பக்கம் பாய்ந்தது. எட்டில் ஒரு பங்குக்கும் காலுக்கும் நடுவில் தும்மினால் அது ஸ்லைட்டின் வெட்டு அதிகம். எண் குறைந்த வெட்டுள்ள ஸ்லைட் போட வேண்டும். ஆனால் அதற்கு முன் பைலட்டைக் கால் சுற்று உள்ளே எடுத்துப் பார்த்தேன். ஒன்றரையில் தும்மல் நின்றது. ஸ்லைட்டை மாற்ற வேண்டி வரவில்லை.

ஊசிக்கு உவர்மலை ஏற்றம். மூன்றாம் கியரில் அரை அக்சிலேட்டரில் ஏறும்போது சத்தம் வறண்டு, எஞ்சின் ‘கிலுகிலு’ என்றது. ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டுக் கீழே இறக்கினேன். கிளிப் கீழே போனால் ஊசி மேலே உயரும், பெற்றோல் கூடும். இந்தக் கீழ்-மேல் கணக்கில்தான் ஆட்கள் தடுமாறுவார்கள். மேலிருந்து நான்காவது வெட்டில் ஏற்றம் சுகமாக இருந்தது. ஐந்தாவதும் போட்டுப் பார்த்தேன். அரையில் நிறுத்தி ஓட்டும்போது நாலு வெடிக்கு ஒன்று தவறுகிற மாதிரித் தடுக்கியது. திரும்ப நான்கு.

மெயின் 110, பைலட் 25, ஊசி நான்காவது வெட்டு, காற்று ஸ்குறூ ஒன்றரை. இது என் எஞ்சினுக்கு, என் சைலன்சருக்கு, கடல் மட்டத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கு வந்த கணக்கு. வேறு பி31க்கு இதைத் தொடக்கமாக வைக்கலாம், முடிவாக வைக்க வேண்டாம். மலைநாட்டில் இருக்கிறவருக்கு இன்னும் குறையும். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல், காற்றே மெல்லியது, இதே ஜெட்டில் பெற்றோல் கூடி மூச்சு முட்டும்.

இப்போது ஸ்லோவில் ‘டிக், டிக்’ இல்லை. ஒரு லீற்றருக்கு 30 கிலோமீற்றர் அளவில் ஓடுகிறது. ஞாயிறு காலைகளில் கன்னியாவுக்கோ தம்பலகாமத்துக்கோ போய்வருகிறேன்.

பழைய அமாலை எறியவில்லை. மண்ணெண்ணெயில் கழுவி, ஒயில் துணியில் சுற்றி, உப்புக்காற்றுப் படாமல் பிஸ்கட் தகரத்துக்குள் வைத்திருக்கிறேன். அப்பா அதைப் பற்றி இரண்டு தடவை கேட்டுவிட்டார். போன மாதம் கிண்ணியாவுக்குக் கொண்டுபோய் நானாவிடம் காட்டினேன். கூட்டை ஒரு தடவை சீராகக் கடைந்து, அதற்குச் சரியான அளவில் புது ஸ்லைட் ஒன்று பித்தளையில் செய்யலாம் என்கிறார். வெட்டின் அளவுக்குப் பழைய ஸ்லைட்டை வாங்கி வைத்துக்கொண்டார். பெருநாள் முடிந்து வரச் சொல்லியிருக்கிறார்.